யூஎஸ்பி சவுண்டைச் "சுத்தம்" செய்யும் பெட்டிகள்: கோவைப் பக்கம் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் படித்துவிட்டுப் போங்கள்

கம்ப்யூட்டரில் பாட்டு கேட்பவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. சிபியுவுக்கும் டாக்குக்கும் (DAC: டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு, அதாவது ஆம்ப்புக்கு, ஏற்ற சிக்னலாக மாற்றித் தரும் பெட்டி) நடுவில் சொருகும் சின்னப் பெட்டிகள்: பியூரிஃபயர், ரீகிளாக்கர், ஐசோலேட்டர் என்று பல பெயர்கள். கோவையில் ஒரு கடை இதில் இரண்டை என் தலையில் கட்டி 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. பெயரைவிட அங்கே பேசிய பேச்சுதான் முக்கியம். அதே பேச்சை வேறு எங்கே கேட்டாலும் அடையாளம் தெரிய வேண்டும்.

வீடு பல்லடம் பக்கம். டெஸ்க்டாப்பிலிருந்து யூஎஸ்பி வழியாக டாக். என்னுடையது தனி அடாப்டர் இல்லாமல் யூஎஸ்பி கரன்ட்டிலேயே ஓடுவது. அங்கிருந்து ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர். பாட்டு நின்றதும் "ங்ங்ங்" என்று ஒரு ஹம் கேட்கும். மவுஸை நகர்த்தினால் கூடவே ஒரு கீச்சு. பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடும்போது இதெல்லாம் காதில் விழாது. ஞாயிற்றுக்கிழமை தறி நின்றால்தான் எரிச்சல்.

கடையில் நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தத் தம்பி ஆரம்பித்துவிட்டார். "ஜிட்டருங்ண்ணா. கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற டேட்டாவே அழுக்குங்க. இத மாட்டீட்டீங்கன்னா கிளாக்கும் சுத்தம், கரன்ட்டும் சுத்தம். சவுண்ட் அப்படியே திறந்துக்கும் பாருங்க." (ஜிட்டர் என்றால் டேட்டாவின் நேரக் கணக்கில் வரும் சிறு தடுமாற்றம், கிளாக் என்றால் அந்த நேரத்தைக் காட்டும் துடிப்பு.) பியூரிஃபயர் இல்லாமல் ஒரு தடவை, அதோடு ஒரு தடவை, ஒரே பாட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டாவது முறை நன்றாகத்தான் இருந்தது. ஆம்ப்பின் ரிமோட் முழு நேரமும் அவர் கையிலேயே இருந்ததை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அதை வாங்கி வந்தேன். பிறகு திரும்பப் போனபோது மச்சானைக் கூட்டிப்போனேன். அவர் போனில் டெசிபல் மீட்டர் ஆப் உண்டு. அதே டெமோவைக் கேட்டோம். பெட்டி மாட்டிய பிறகு ஒன்றரை டெசிபல் கூடக் காட்டியது. யூஎஸ்பி வயரில் சொருகும் பெட்டிக்குச் சத்தத்தைக் கூட்டும் வேலையே கிடையாது. ஒரே பாட்டை லேசாகச் சத்தம் கூட்டிப் போட்டால் "தெளிவாக இருக்கிறது" என்றுதான் எல்லாக் காதும் சொல்லும். ஆடியோ வியாபாரத்தில் இது பழைய வித்தை. "வால்யூமைத் தொடாம மறுபடி போடுங்க தம்பி" என்றதும் ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார்.

ஜிட்டர் கதைக்கு வருவோம். இப்போது விற்கும் யூஎஸ்பி டாக்குகளில் பெரும்பாலானவை அசிங்க்ரனஸ் வகை. கிளாக் டாக்குக்குள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் அனுப்பும் டேட்டா முதலில் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் சேரும். டாக் தன் சொந்தக் கிரிஸ்டலின் வேகத்தில் எடுத்து வாசிக்கும். கூட அனுப்பு, குறைத்து அனுப்பு என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடுவதும் டாக்தான். மோட்டார் விட்டு விட்டு ஏற்றினாலும் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் சீராக வருகிற மாதிரி. நடுவில் ஒரு பெட்டி உட்கார்ந்து எந்தக் கிளாக்கைச் சுத்தம் செய்யும்? சிடி தரத்துப் பாட்டுக்கு நொடிக்கு 14 லட்சம் பிட் போதும், யூஎஸ்பி 2.0 தாங்குவது 48 கோடி பிட். டேட்டா உண்மையிலேயே கெட்டால் பாட்டு டிக், டொக் என்று வெட்டும். பாடகியின் குரல் "கொஞ்சம் மங்கலாக" எல்லாம் ஆகாது. கழற்றிப் பார்த்தேன்: பியூரிஃபயருக்குள் ஒரு சோக் (கம்பிச்சுருள்), சில கெப்பாசிட்டர். அவ்வளவுதான்.

ஹம் போகவில்லை என்று போய் நின்றதற்கு, "அப்ப உங்களுக்கு ஐசோலேட்டர் வேணுங்ண்ணா" என்று இரண்டாவது பெட்டி. இது பொய்யான சாமான் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டருக்கும் டாக்குக்கும் இடையே கிரவுண்ட் தொடர்பையே துண்டித்துவிடும். மாட்டியதும் ஹம் போனது. கூடவே வேறு இரண்டும் போயின. டாக் 192 கிலோஹெர்ட்ஸ் வரை (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிந்திருக்கிறது என்ற கணக்கு) வாசிக்கும். இப்போது விண்டோஸில் 96-க்கு மேல் தேர்வே வரவில்லை. அப்புறம் திடீர் திடீரென்று டாக்கின் லைட் அணைந்து எரியும், ஸ்பீக்கரில் "டப்" என்று அடிக்கும்.

திருகைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. உள்ளே ஏடியுஎம்3160 சிப். நொடிக்கு 12 மெகாபிட்தான் அதன் உச்சம் என்று அதன் டேட்டாஷீட்டிலேயே போட்டிருக்கிறது. சிப் மேல் குற்றமில்லை. அந்த வேகத்தில் ஒரு மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் 1,023 பைட்தான் போகும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு 576 பைட், தாராளம். 192-க்கு 1,152, இடமில்லை. கரன்ட் தருவது ஒரு வாட் கன்வெர்ட்டர்: 5 வோல்ட்டில் 200 மில்லியாம்ப். சாதாரண யூஎஸ்பி 2.0 போர்ட் 500 தரும். டாக் மயங்கி விழாமல் என்ன செய்யும்? என் காதுக்கு 96-க்கும் 192-க்கும் வித்தியாசம் தெரியாது, அது வேறு விஷயம். "எந்த டாக்கா இருந்தாலும் ஓடும்" என்று சொல்லி விற்றார்களே. இதைக் கேட்டதற்குப் பரிகாரமாக மூன்றாவதாக ஒரு லீனியர் பவர் சப்ளையைக் காட்டினார்கள்.

அங்கே கிடைத்த இலவச யோசனை ஒன்று உண்டு, அதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம்: "ஆம்ப் பிளக்ல எர்த் பின்னைக் கழட்டீட்டுப் போட்டுப் பாருங்ண்ணா, ஹம் நின்னுரும்." நிற்கும். ஒருநாள் ஆம்ப்புக்குள் லைன் வயர் பாடியில் பட்டால், தொடுகிற ஆளும் நின்றுவிடுவார். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள்.

உண்மையான கோளாறைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர் ஒயர்மேன். ஐசோலேட்டர் போட்டு ஹம் நின்ற பிறகும் சிபியுவைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருந்தது. அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டேன். டெஸ்டரை வைத்தார், எரிந்தது. சுவிட்ச் போர்டைக் கழற்றினார். "ஏனுங்ண்ணா, மூணாவது ஓட்டைல எர்த் ஒயரே இல்லீங்களே!"

கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஃபில்டரில் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு ஒவ்வொரு கெப்பாசிட்டர் போயிருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு அப்படியே இறங்கிவிடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி பாடியிலேயே நிற்கும். கசிவு சிறியது என்பதால் சுருக்கோடு போகிறது. அது எர்த்தைத் தேடி யூஎஸ்பி கிரவுண்ட், டாக், ஆம்ப்புக்குப் போகும் ஆர்சிஏ வயர் வழியாக ஆம்ப்பின் எர்த்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தப் பயணச் சத்தம்தான் ஹம். ஒயர்மேன் எர்த் வயர் இழுத்தார், கம்ப்யூட்டரையும் ஆம்ப்பையும் ஒரே போர்டுக்கு மாற்றினார், வெயிலில் காய்ந்து கிடந்த எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். 600 ரூபாய். இரண்டு பெட்டியையும் கழற்றிவிட்டேன், ஹம் இல்லை. மவுஸ் கீச்சு, காதை ஸ்பீக்கரில் ஒட்டினால் மட்டும்.

உங்கள் வீட்டில் ஹம் இருந்தால் காசு எடுக்கும் முன் டாக்கை ஓடிஜி கேபிளில் போனோடு மாட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தாலே போதும். டாக்கையே கழற்றியும் ஹம் வந்தால் ஆம்ப்பைக் கவனியுங்கள். கம்ப்யூட்டரிலும் டாக்கிலும் ஆப்டிகல் இருந்தால் அந்த கேபிளில் கரன்ட்டே போகாது, சுற்று அங்கேயே அறுந்துவிடும். எல்லாம் பார்த்த பிறகும் ஐசோலேட்டர்தான் வேண்டுமென்றால், 480 மெகாபிட் ஹைஸ்பீடு தாங்குமா, எத்தனை மில்லியாம்ப் தரும் என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பில் என்றதும் நினைவு வருகிறது. எனக்குத் தந்தது "எஸ்டிமேட்" என்று போட்ட துண்டுச்சீட்டு, அதில் "கம்ப்யூட்டர் சாமான் 2" என்று மட்டும். பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும் முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் போடாதபோது, 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். யுபிஐயில் பணம் அனுப்பியதால் ஆதாரம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு கடையிலிருந்தே போன் வந்தது: பாதித் தொகைக்கு வேறு கேபிள் எடுத்துக்கொள்ளலாமாம். வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.