விபத்து வழக்கில் டாக்டர் சாட்சி: 5க்கு மூன்றரை

தம்பி பைக்கிலிருந்து விழுந்து இடது முட்டியில் பிளேட் வைத்தது பெரிய கதை, அதை விடுங்கள். நஷ்டஈடு வழக்கில் டாக்டர் சாட்சி சொன்ன விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒருவர் கைகாட்டிய கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் தம்பியைக் கட்டிலில்கூட ஏறச் சொல்லவில்லை, டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டிவிட்டு 45 சதவீத ஊனம் என்று எழுதித் தந்துவிட்டார். எங்களுக்கும் உள்ளூர சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். வக்கீலம்மா அதைக் கையில்கூட வாங்கவில்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் இந்த ரெடிமேட் சான்றுகளை நம்புவதில் கவனம் வேண்டும் என்று சொல்லிவிட்டதாம், எழுதியவர் குறுக்கு விசாரணைக்கு வந்து நிற்காவிட்டால் அது வெறும் தாள்.

சரி என்று ஆபரேஷன் செய்த டாக்டரையே கேட்டோம். மூன்று வாய்தா வரவில்லை. கோபம் வந்தது, ஆனால் நாள் முழுக்க வராண்டாவில் உட்கார வைத்தால் யார் வருவார்கள்? அதே தீர்ப்பிலேயே அதற்கும் வழி இருக்கிறது: கோர்ட் தன் சார்பில் ஒருவரைக் கமிஷனராகப் போட்டு ஆஸ்பத்திரியிலேயே சாட்சியம் பதியலாம். மனு போட்டோம், கிடைத்தது.

அங்கே மனிதர் வேறு ஆள். மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியாமீட்டரைத் தம்பி முட்டியில் வைத்து அளந்தார், 80 டிகிரியில் நின்றுவிட்டது, சாதாரணமாக 135 வரை மடங்க வேண்டும். காலுக்கு 30 சதவீதம் என்றார், முதல் சான்றைவிடக் குறைவு. ஆனால் தம்பி எலக்ட்ரீஷியன், ஏணி ஏற முடியுமா என்று வக்கீலம்மா கேட்க, ‘முடியாது, குத்துக்காலிட்டு உட்காரவும் முடியாது’ என்றார் பாருங்கள், அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு அலைச்சலும். இடது கை போனால் குமாஸ்தாவுக்கு வேலை இருக்கும், டிரைவருக்குப் பிழைப்பே போய்விடும் என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் சொல்கிறதாம். வருமானம் எவ்வளவு போச்சு என்பதை முடிவு செய்வது நீதிபதி, டாக்டர் இல்லை.

இன்சூரன்ஸ் வக்கீல் விடவில்லை, ‘மனுதாரருக்குச் சாதகமாகக் கூட்டிச் சொல்கிறேன் என்றால் சரியல்ல’ என்று டாக்டர் மறுத்ததாகப் பதிவாகும் வழக்கமான வரியோடு முடிந்தது.

ஒன்றரை மதிப்பெண் குறைத்தது மூன்று வாய்தாவுக்கும், சாட்சியத்தை டைப் அடித்ததில் ‘வலது முட்டி’ என்று வந்ததை டாக்டர் படிக்காமலே கையெழுத்துப் போடப் போனதற்கும். தம்பிதான் எட்டிப் பார்த்துச் சொன்னான். அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டார்.