ஸ்லீவுக்குப் பிறகு இன்னொரு தடவையா? காரைக்குடியில் இருந்து ஒரு கணக்கு

2016ல் எடை குறைப்புக்காக ஸ்லீவ் அறுவை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்துகொண்டேன். அப்போது 109 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர். இரண்டே வருடத்தில் 71க்கு இறங்கினேன். 2020ல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் மெல்ல ஏறத் தொடங்கி, 2025 தொடக்கத்தில் 86ல் வந்து நின்றது. எடையைக்கூட விட்டுவிடலாம். இரவு இரண்டு மணிக்குத் தொண்டை வரை புளிப்பு ஏறி, எழுந்து உட்கார்ந்து இருமுவது வாரத்தில் நாலு நாள் என்று ஆகிவிட்டது. தலைக்கு மூன்று தலையணை, காலையிலும் மாலையிலும் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை.

"மறுபடியுமா? ஒருதடவை வெட்டினது போதாதாடி?" என்று கேட்டார் தேவகோட்டையில் இருக்கும் ஆச்சி. (நகரத்தாரான எங்களில் உடன்பிறந்த அக்காவை ஆச்சி என்போம்.)

"வெட்டினது போதும்தான் ஆச்சி. எரியிறது நிக்கணுமே" என்றேன்.

முடிவில் பாதி அந்தப் பதிலிலேயே இருந்தது, எனக்குத்தான் அப்போது தெரியவில்லை. மற்றவர்களைப் போல நானும் "எதில் எத்தனை கிலோ குறையும்?" என்றே மருத்துவர் மருத்துவராகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மதுரையில் மூன்றாவதாகப் பார்த்த அறுவை மருத்துவர்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: "முதல் ஆபரேஷன் எதுல சறுக்குச்சுன்னு பாத்தீங்களா அம்மா?" யாரும் பார்க்கவில்லை. எண்டோஸ்கோபி எடுத்தார்கள். பேரியம் குடிக்கவைத்துப் படம் பிடித்தார்கள். உணவுக்குழாயின் அடியில் புண், கூடவே இரைப்பையின் மேல்முனை உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. பை கொஞ்சம் விரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆக, எனக்கு முதல் நோய் எதுக்களிப்பு (அமிலம் மேலேறுவது), எடை அடுத்ததுதான்.

ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவை, ஏறக்குறைய முக்கால் பங்கு, வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. குழாய் ஒடுக்கமானதால் உள்ளே அழுத்தம் கூடும், கீழே போக இடமில்லாத அமிலம் மேலே வரும். ஸ்லீவ் செய்த எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தால் மாத்திரையோடு காலம் தள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது, வருடக்கணக்கில் அமிலம் பட்டால் உணவுக்குழாயின் உட்சுவரே மாறிப்போகும். நான் தள்ளியது நாலு வருடம்.

என் முன்னால் இருந்த வழிகளில் இரண்டை முதல் வாரமே தள்ளிவிட்டேன். ஒன்று, விரிந்த பையை மறுபடி வெட்டிச் சின்னதாக்கும் ரீ-ஸ்லீவ். எதுக்களிப்பு உள்ளவருக்கு அழுத்தத்தை மேலும் கூட்டுகிற வேலை அது. மற்றொன்று சாடி (SADI) என்ற அறுவை. ஸ்லீவை அப்படியே விட்டு, சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றி வழி மாற்றிவிடுவது. உணவும் செரிமான நீரும் சேர்ந்து ஓடக் கிடைப்பது கடைசி இரண்டரை, மூன்று மீட்டர் குடல்தான். எடை நன்றாகக் குறையும், மிக அதிக எடையோடு ஸ்லீவ் செய்து எதுக்களிப்பே இல்லாமல் தேங்கியவர்களுக்குப் பொருந்தும். புரதமும் கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் உடலில் சேராமல் போகும் ஆபத்தும் அதில்தான் அதிகம். தவிர, எரிகிற பை உள்ளேயே இருக்கும்.

அப்புறம் ஊசி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் யோசித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் இந்தியாவில் எடை குறைக்கும் ஊசிகளான மௌன்ஜாரோ (டிர்செபடைட் மருந்து, 2025 மார்ச்), வெகோவி (செமாக்ளூடைட் மருந்து, ஜூன்) இரண்டும் வந்தன. காரைக்குடி கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காருமுன் அதுதான் பேச்சு. "வாரம் ஒரு ஊசி, கத்தியே வேண்டாம்." பொய்யில்லை. செமாக்ளூடைடில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம், டிர்செபடைடின் பெரிய அளவில் 20 சதவீதத்தையும் தாண்டி, ஒன்றரை வருடத்துக்குள் குறைந்ததாகப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்லீவ் செய்து எடை திரும்பியவர்களுக்கும் மருத்துவர்கள் இதைக் கொடுக்கிறார்கள், பலன் இருக்கிறது. மறுஅறுவையில் தையல் கசிவு, ரத்தக்கசிவு எல்லாம் முதல் அறுவையைவிட அதிகம் நடக்கக்கூடியவை. அந்தப் பயமே வேண்டாம் என்பது ஊசியின் பெரிய பலம். எடை மட்டும்தான் என் குறை என்றால் நான் ஊசியைத்தான் முதலில் போட்டுப் பார்த்திருப்பேன், இன்றும் யாராவது கேட்டால் அதையே சொல்வேன்.

என் வழியை மறித்தவை இரண்டு. இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். ஏற்கெனவே மேலே ஏறும் அமிலத்துக்கு அது நல்லதல்ல. இரண்டாவது, நிறுத்தினால் எடை திரும்புகிறது. செமாக்ளூடைட் ஆய்வில் நிறுத்திய ஒரு வருடத்துக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அப்படியானால் ரத்தக்கொதிப்பு மாத்திரை மாதிரி காலத்துக்கும் போட வேண்டும். "மாசாமாசம் வட்டி கட்டுற கடன் மாதிரியா?" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் குடும்பத்தில் எதையும் வட்டியில்தான் அளப்பார்கள்.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு வகை இரைப்பை பைபாஸ் (உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டிக் குடலுக்குப் போக வழி மாற்றுவது). உண்மையான போட்டி இங்கேதான்.

பழைய பைபாஸ், அதாவது ரூ-என்-வை. பைபாஸ் என்ற யோசனையே 1960களில் அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் தொடங்கியது. இதில் இரைப்பையின் உச்சியில் ஒரு முட்டை அளவில் சின்னப் பையை மட்டும் விட்டு, மிச்சத்தை வழியில் இருந்து ஒதுக்கிவிடுகிறார்கள். சிறுகுடலை வெட்டி ஒரு முனையை அந்தப் பையோடு தைப்பார்கள், பித்தமும் கணைய நீரும் வரும் மறுமுனையைக் கீழே ஒரு மீட்டர் அளவு தள்ளி இணைப்பார்கள். இரண்டு இணைப்பு, கூடுதல் நேரம், வயிற்றுக்குள் கூடுதல் சந்துகள். அந்தச் சந்துகளுக்குள் குடல் நழுவி மாட்டிக்கொள்வது வருடங்கள் கழித்தும் நடக்கலாம்.

மினி பைபாஸ் 1997ல் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கியது. நீளமான பை, ஒரே இணைப்பு, குடலை வெட்டாமல் வளையமாகவே தூக்கித் தைப்பது. நேரம் குறைவு. இந்தியாவில் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள், செய்துகொண்டு நன்றாக இருப்பவர்களை எனக்கே தெரியும். எடைக் கணக்கில் இது பழையதற்குச் சளைத்ததில்லை. 2019ல் லான்செட்டில் வந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று, யோமேகா என்று பெயர், இரண்டு வருட முடிவில் எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குறைந்தது என்று காட்டியது. சத்துக்குறைச் சிக்கல்கள் மினி பக்கம் அதிகம். அங்கே 200 சென்டிமீட்டர் குடலைத் தாண்டிவிட்டிருந்தார்கள், இப்போது பலர் அதைக் குறைத்து 150 வைக்கிறார்கள்.

என்னைத் தடுத்தது பித்தம். மினியில் பித்தம் ஓடும் குடல், பையோடு சேரும் இணைப்பைத் தொட்டுக்கொண்டே போகிறது. சிலருக்கு அது பைக்குள் ஏறும், அங்கிருந்து உணவுக்குழாய்க்கும் வரும். ஏற்கெனவே அங்கே புண் வைத்துக்கொண்டிருப்பவள் நான். அமிலத்துக்குப் பதில் பித்தம் ஏறினால் மாத்திரையும் கேட்காது. பழைய பைபாஸில் சின்னப் பை அமிலத்தை அதிகம் சுரக்காது, பித்தமோ ஒரு மீட்டர் கீழேயே நின்றுவிடும். ஸ்லீவுக்குப் பின் எதுக்களிப்பு என்றால் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வதற்குக் காரணம் இந்தக் குழாய் வேலைதான். எதுக்களிப்பே இல்லாத, சர்க்கரையும் எடையும் மட்டும் உள்ள ஒருவருக்கு நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன்.

கிலோவை மட்டும் வைத்துப் பார்த்தால் பழைய பைபாஸ் இந்த ஆட்டத்தில் ஜெயிக்கவில்லை. மறுஅறுவையில் முதல் தடவை போல மளமளவென்று இறங்கவும் செய்யாது. இதை முன்கூட்டியே சொல்லாத இடங்களை நம்ப வேண்டாம். நான் முதலில் போன ஓர் ஆலோசனை அறையில் எண்டோஸ்கோபி பற்றிப் பேச்சே எடுக்காமல் "ஆறு மாசத்துல முப்பது கிலோ, பேக்கேஜ் இருக்கு" என்றார்கள். வெளியே வந்து ஒரு காபி குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் விதிப்படி பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) குறைந்தது 40 இருக்க வேண்டும். அல்லது 35க்கு மேல் இருந்து, கூடவே இதயநோய், தீவிரத் தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்கு அடங்காத சர்க்கரை போன்றவை இருக்க வேண்டும். என் பிஎம்ஐ 35.3, எதுக்களிப்பு அந்தப் பட்டியலில் கிடையாது. உதரவிதான ஓட்டையைச் சரிசெய்யும் பகுதிக்காவது கொடுங்கள் என்று இரண்டு கடிதம் எழுதினோம். மறுத்துவிட்டார்கள். கைக்காசுதான்.

ஜூலையில் அறுவை நடந்தது. இப்போது எட்டாவது மாதம், 73 கிலோ. எரிச்சல் மூன்றாம் நாளே போயிற்று. தலையணை ஒன்றுதான்.

பிறகான வாழ்க்கையிலும் ஸ்லீவும் பைபாஸும் ஒன்றில்லை, எனக்கு அதிர்ச்சி அங்கேதான். ஸ்லீவ் காலத்தில் அளவு மட்டும்தான் சிக்கல், எதை வேண்டுமானாலும் கொஞ்சம் தின்னலாம். பைபாஸ் இனிப்பைக் கண்டுபிடித்துத் தண்டிக்கும். நாலாவது மாதம் உறவில் ஒரு சாந்தி (அறுபதாம் கல்யாணம்), காலைப் பலகாரத்தில் கந்தரப்பம். பாதிதான் தின்றேன். இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடக்க, வியர்த்து, வயிறு கலக்கி, முகப்பில் போய்ப் படுத்துவிட்டேன். டம்பிங் என்கிறார்கள். சர்க்கரை நேராகக் குடலில் கொட்டுவதால் வருவது. கவுனி அரிசியும் ஆடிக்கும்மாயமும் பால் பணியாரமும் இதே வரிசைதான். வெள்ளைப் பணியாரத்தில் இனிப்பு இல்லை, ஆனால் எண்ணெய். ஒன்றோடு நிறுத்தினால் பிழைக்கலாம்.

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது எழுதும்போது லேசாக இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம்தான். மீனும் பாசிப்பயறும் பன்னீரும் கைகொடுக்கின்றன. உப்புக்கறியை இருபது தடவை மென்றும் ஒருநாள் நெஞ்சில் நின்றது, அதில் இருந்து வாரம் ஒருமுறை, குழம்போடு மட்டும். சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை, அரைமணி கழித்துத்தான். விருந்தில் ரசத்தை டம்ளரில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கப் பழகிவிட்டேன். "இலையில ஒண்ணுமே வைக்கலையே" என்று பரிமாறுகிறவர்கள் பதறுவதுதான் தாங்கவில்லை.

மாத்திரைகள் ஆயுளுக்கும். மல்டிவைட்டமின், டி, கால்சியம் சிட்ரேட், இரும்பு, மாதம் ஒரு பி12 ஊசி. கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணிநேர இடைவெளி வேண்டும். இரும்பு போட்ட கையோடு காபியும் ஆகாது. எங்கள் வீட்டில் இதுதான் பெரிய தியாகம். நாலாம் மாதம் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது, இப்போது முளைக்கிறது. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டால் டைக்ளோஃபெனாக்கைச் சட்டென்று எடுத்து நீட்டுவார்கள். அது, ஐபுரூஃபென் எல்லாம் இணைப்பில் புண் உண்டாக்கும். பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: பைபாஸ் செய்தவர், பாராசிட்டமால் மட்டும். அதே சீட்டின் பின்புறம், திடீரென்று கடுமையான வயிற்றுவலி வந்தால் உடனே ஸ்கேன் எடுக்கவும், குடல் மாட்டியிருக்கலாம் என்று எழுதி மருத்துவர் எண். மதுரையோ திருச்சியோ இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர், இரவு நேரத்தில் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. இந்தத் தூரத்தையும், ரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போவேனா என்பதையும் அறுவைக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசினோம். போக மாட்டேன் என்று தோன்றியிருந்தால் பைபாஸே வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருப்பேன்.

மார்கழியில் பிள்ளையார் நோன்பு வந்தது. கோடி வேட்டியில் இருந்து உருவிய 21 இழையைத் திரியாக்கி, வெல்லமும் அரிசி மாவும் பிசைந்த இழைமாவில் வைத்து, ஏற்றிய சுடரோடு அப்படியே வாயில் போட வேண்டும். உணவு ஆலோசகரை ஃபோனில் கேட்டேன். அவர் வேறு ஊர்க்காரர். "விளக்கை முழுங்குவீங்களா?" என்று ஒருநிமிடம் பேச்சில்லை. பிறகு, நூல் கூடவே கூடாது, பையில் சிக்கிக்கொள்ளும், முட்டை சாப்பிட்ட பிறகு மாவில் ஒரு துளி மட்டும் என்றார். அதை மாமியாரிடம் எப்படிச் சொல்வதென்று அன்று முழுக்க யோசித்தேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுடர் அணைந்ததும் திரியை உருவி எடுத்துவிட்டு, சுண்டைக்காய் அளவு மாவை மட்டும் என் கையில் வைத்தார். வாயில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பட்டாலையில் உட்கார்ந்து பார்த்தேன். படபடப்பு வரவில்லை.