இரும்படிக்கிற இடத்தில் ஈயாக மூன்று வருடம்

'இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை' என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த ஈ நான்தான். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காருகிறவன், ஓய்வு நாளில் கொல்லுவேலை பழகலாம் என்று இறங்கினேன். வாங்கியதில் எது உழைத்தது, எது மூலையில் கிடக்கிறது என்று இப்போது சொல்லலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு, இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்கல் மேல்தான் கண். நானும் மலிவாகக் கிடைத்த வார்ப்பிரும்புக் கல் ஒன்றை வாங்கினேன். நாலே மாதத்தில் முகம் குழி விழுந்து, ஓரம் பெயர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பழைய இரும்பில் கிடைத்த தண்டவாளத் துண்டுதான். அதைப் படுக்க வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் துள்ளும். செங்குத்தாக நிறுத்தி மரக்கட்டையில் இறுக்கினால் அடிக்கு நேர் கீழே முழு எடையும் நிற்கும். இன்றுவரை மாற்றவில்லை.

சுத்தியலில் செய்த தப்பு முழங்கையில் தெரிந்தது. 2 கிலோவில் எடுத்தேன். இரண்டு வாரத்தில் தேநீர்க் கோப்பை தூக்கவே வலித்தது. இப்போது 1 கிலோ. கனம் குறைந்தாலும் அடி குறி தப்பாமல் விழுகிறது, வேலையும் சீக்கிரம் முடிகிறது.

காசைப் போடுவதானால் குறட்டில் போடுங்கள். வாய் சரியாகக் கவ்வாத குறட்டிலிருந்து பழுத்த கம்பி ஒருமுறை நழுவிப் பறந்தது. காலில் தோல் பூட்ஸ் இருந்ததால் பிழைத்தேன். கம்பியின் கனத்துக்கு ஏற்ற குறடு இல்லையென்றால், கம்பியை நீளமாகவே விட்டு, சூடேறாத முனையை வெறும் கையால் பிடித்து அடித்து, கடைசியில் வெட்டிக்கொள்வதே மேல்.

உலை? மரக்கரியும், காற்றுக்கு ஒரு பழைய ஹேர் டிரையரும். கரி தின்னும் வேகம் எரிச்சலூட்டும், ஆனால் தீயைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அதுதான். ஆரஞ்சும் மஞ்சளுமாய் இருக்கும்போது இரும்பு மெழுகு போல வளையும். மங்கின சிவப்பில் அடித்தால் கைதான் அதிரும். கவனம் சிதறி வெண்ணிறம் தாண்டவிட்டால் மத்தாப்பு போலப் பொறி சிதறும். அந்த முனை எரிந்து போனதென்று அர்த்தம், வெட்டி எறிய வேண்டியதுதான்.

முதல் ஆறு மாதம் கொக்கிதான் அடித்தேன். கூர் எடுக்க முதலில் சதுரமாக்கி, பிறகு எண்கோணமாக்கி, அப்புறம்தான் உருட்ட வேண்டும். நேரே உருட்டப் போனால் நடு பிளக்கும். அவசரப்பட்டு வண்டியின் பழைய வில்பட்டையில் (ஸ்பிரிங் பட்டை) அடித்த கத்தி தண்ணீரில் முக்கியதும் 'டிக்' என்றது. விரிசல்! அடுத்ததை, காந்தம் ஒட்டாமல் போகும் சூடு (சுமார் 770 டிகிரி) தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறியதும் எண்ணெயில் முக்கி, பிறகு 200 டிகிரி சுமாரில் மறுபடி சூடாக்கிப் பதமாக்கினேன். அது இன்னும் வெட்டுகிறது.

இன்னொன்று: துத்தநாகம் பூசிய இரும்பை உலை பக்கம் கொண்டுபோகாதீர்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். கரி நச்சுவாயுவும் விடும் என்பதால் என் உலை திறந்தவெளியில். கண்ணாடி, பருத்திச் சட்டை, காதடைப்பான் மூன்றும் கட்டாயம். நான் சூடு பட்டதெல்லாம் சிவந்த இரும்பில் அல்ல. கறுத்து, ஆறிவிட்டது போலக் கிடந்ததை எடுக்கப் போய்த்தான். இப்போது தரையில் கிடக்கும் எதையும் புறங்கையை அருகில் காட்டிப் பார்த்த பிறகே தொடுகிறேன்.