விசாகிரி சரி, ஸ்க்ரூதான் சதி செய்தது

நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஒரு அங்குலப் பித்தளைக் கீல் பற்றி எழுதுகிறேன். எங்களுக்குத் தெரிந்த ஆசாரி அதை விசாகிரி என்பார், எனக்கும் அதுதான் வாயில் வருகிறது. ஒரு ஜோடி, எட்டு ஸ்க்ரூவோடு, 70 ரூபாய்.

பெட்டி மகளுக்கு. வடசேரியில் வாங்கிய நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்து கல் உதிர்ந்துகொண்டிருந்தன. அம்மா வீட்டுக் கூரையைப் பிரித்தபோது மிஞ்சிய அயினிப் பலகை என்னிடம் இருந்தது. கரையான் சுலபத்தில் தொடாத மரம். பத்துக்கு ஆறு அங்குலம், உயரம் நாலு, பலகைக் கனம் நாலு நூல், அதாவது அரை அங்குலம். பள்ளிக்கூட வேலை போக, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. பத்மநாபபுரம் மர அரண்மனைக்குப் பக்கத்துத் தக்கலையில் இருந்துகொண்டு மரத்தில் கை வைத்தால் போதும், "என்ன டீச்சர், அரண்மனை கட்டுறீங்களா" என்று கேட்க ஆள் வந்துவிடும்.

பித்தளைதான் வேண்டும் என்று நின்றதற்குக் காரணம் உண்டு. முன்பு குளச்சலில் இருந்த அக்காவுக்கு ஒரு பெட்டி செய்து இரும்புக் கீல் போட்டிருந்தேன். கடல் காற்றும் ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் சேர்ந்து, ஒரே வருடத்தில் துரு வழிந்து உள்ளே இருந்த பட்டுத்துணியில் கோடு போட்டுவிட்டது.

கடைக்காரர் முதலில் கேட்டது, "ஆசாரி என்ன அளவு சொன்னாரு அக்கா?" ஆசாரி நான்தான் என்றதும் சிரித்தார். அவர் எடுத்துப் போட்ட முதல் பாக்கெட்டில் பையிலிருந்த காந்தத்தை வைத்தேன், பட்டென்று ஒட்டிக்கொண்டது. இரும்புக்கு மேல் மஞ்சள் பூச்சு. மூஞ்சி சுளிக்காமல் உள்ளே போய் அசல் பித்தளையைக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்க்கவும் விட்டார். இதற்காகவே அந்தக் கடைக்கு ஒரு மார்க் கூடுதல்.

கீலில் பெரிய குறை இல்லை. தகடு நேராக இருந்தது, ஊசி ஆடவில்லை. தகட்டின் கனத்துக்கு மட்டும் உளியால் பள்ளம் எடுத்து உட்கார வைத்தேன். இதில் அவசரம் கூடாது. பள்ளம் ஆழமாகிவிட்டால், முன்பக்கம் மூடுவதற்கு முன்பே பின்பக்கம் முட்டிக்கொள்ளும். குறைந்தால் பின்னால் இடைவெளி தெரியும். இரண்டில் ஒரு கீலுக்கு மட்டும் ஸ்க்ரூத் தலை உட்காரும் குழி போதவில்லை, தலை துருத்திக்கொண்டு நின்றது. பெரிய ட்ரில் பிட் ஒன்றைக் கையாலேயே நாலு சுற்றுச் சுற்றிக் குழியை அகலமாக்கினேன்.

வில்லங்கம் ஸ்க்ரூவில். முதல் ஸ்க்ரூ ஒழுங்காகப் போனது. இரண்டாவது முக்கால்வாசி போனபோது ஒரு சின்ன 'டிக்'. தலை ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிட்டது, உடல் மரத்துக்குள். துளை போட்டுத்தான் திருகினேன், ஆனால் துளை ஒரு பொடி சின்னது. பழைய அயினி இறுகிக் கிடக்கும், பித்தளையோ மெத்தென்ற உலோகம். உடைந்த துண்டைச் சுற்றி நுண்ணிய துளைகள் போட்டு, குறடால் பிடித்து இழுக்க ஒரு மாலை முழுதும் போனது. குழியில் அதே மரத்துச் சிம்பைப் பசையோடு அடைத்து, காயவிட்டு, மறுபடி துளைத்தேன்.

ஆசாரியிடம் காட்டினேன். "மக்கா, பித்தளைய நேரே விடாதே. மொதல்ல அதே அளவு இரும்பு ஸ்க்ரூவ விட்டு வழி போடு. பொறவு அதக் கழத்திட்டு, பித்தளையில மெழுகு தேச்சு விடு" என்றார். மிச்சத்தை அப்படித்தான் செய்தேன். ஒவ்வொன்றும் வெண்ணெயில் போவதுபோலப் போனது.

இன்னொரு விஷயம். மூடியும் நாலு நூல், பாக்கெட்டில் வந்த ஸ்க்ரூவும் நாலு நூல். அப்படியே முடுக்கினால் முனை மூடிக்கு மேலே எட்டிப் பார்க்கும். மூன்று நூல் ஸ்க்ரூ அந்தக் கடையில் இல்லை. மூடிக்குப் போகும் நாலு ஸ்க்ரூவின் முனையையும் அரத்தில் ராவிக் குட்டையாக்க வேண்டியிருந்தது.

ஸ்க்ரூ முறிந்ததைக் கடையில் போய்ச் சொன்னேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஒரு பிடி அள்ளித் தந்தார், காசு வாங்கவில்லை. என்ன, எல்லாம் அதே ரகம்!

ஆகவே கீலை நம்பி வாங்கலாம். ஸ்க்ரூவை வேறு எங்காவது நல்லதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் நகைகள் இப்போது பெட்டிக்குள் போய்விட்டன. திறந்தால் மூடி பின்பக்கமாக முழுதும் சாய்ந்துவிடுகிறது, அதைப் பிடித்து நிறுத்த ஒரு சின்னச் சங்கிலி வேண்டும். சனிக்கிழமை மறுபடி மணிமேடைக்குப் போகிறேன், காந்தத்தோடு.