கடன்களுக்கு நியாய மதிப்பு: ஏட்டு மதிப்பையே போடலாமா, இன்றைய வட்டியில் கணக்கிட வேண்டுமா?

லாரிக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் ஓர் அட்டவணை வரும். கொடுத்த கடன், வாங்கிய கடன், டெபாசிட் எல்லாவற்றுக்கும் ஒரு பத்தியில் ஏட்டு மதிப்பு, அதாவது கணக்குப் புத்தகத்தில் நிற்கும் தொகை; பக்கத்துப் பத்தியில் நியாய மதிப்பு, அதாவது இன்றைக்கு இதை இன்னொருவர் கைக்கு மாற்றினால் என்ன விலை போகும் என்ற மதிப்பீடு. அந்த இரண்டாவது பத்தியை நிரப்புவது என் வேலை.

பெரிய நிதி நிறுவனங்களுக்கு இண்ட் ஏஎஸ் என்ற இந்தக் கணக்குமுறை 2018 ஏப்ரலில் வந்தது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2019 மார்ச்சில் மறு அறிவிப்பு வரை தள்ளிவைத்தது. முதலீடுகளுக்கு மட்டும் 2024 ஏப்ரல் முதல் புதிய விதி உண்டு. அதிலும் முதிர்வு வரை வைத்திருக்கப் போவதாக ஒதுக்கிய பத்திரங்கள் வாங்கிய விலையிலேயே நிற்கும்.

சந்தையில் விலை தெரிகிற பொருளுக்குப் பேச்சே இல்லை. அரசுப் பத்திரத்துக்கு எஃப்பிஐஎல் என்ற அமைப்பு தினமும் விலை வெளியிடுகிறது, எடுத்துப் போட்டால் முடிந்தது. சிக்கல் கடனில்தான். திருச்சியில் ஒருவர் வாங்கிய பழைய லாரிக் கடனுக்கு எந்தச் சந்தையிலும் விலை கிடையாது. அங்கே இரண்டு வழிகள்தான் நடைமுறையில் இருக்கின்றன. ஏட்டு மதிப்பையே நியாய மதிப்பாக எழுதுவது ஒன்று. இனி வரப்போகும் தவணைகளை இன்றைய வட்டியில் டிஸ்கவுண்ட் செய்வது, அதாவது பின்னால் வரும் பணத்தை இடைக்கால வட்டியைக் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது, இன்னொன்று.

முதல் வழியை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். சில மாதங்களில் முடியும் நகைக்கடனுக்கு அது போதும். ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) சேர்ந்து ஏறி இறங்கும் வட்டி உள்ள கடனுக்கும் பெரும்பாலும் போதும். நாங்களும் தொடக்கத்தில் எல்லாக் கடனுக்கும் அதைத்தான் செய்தோம். வேலை மிச்சம், ஆடிட்டரும் அதிகம் கேட்கவில்லை. 2022 மே மாதம் 4 சதவீதத்தில் இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆன பிறகு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் லாரிக் கடன் நிலையான வட்டி. பழைய வட்டியில் கொடுத்த கடனை, ஊரெல்லாம் வட்டி ஏறிய பிறகும் யாராவது முழு விலைக்கு வாங்குவார்களா?

ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். பாக்கி 10 லட்சம், 36 தவணை, 11 சதவீத வட்டி. மாதத் தவணை சுமார் 32,739 ரூபாய். இன்று அதே மாதிரி கடனை 12 சதவீதத்துக்குக் கொடுக்கிறோம் என்றால் அந்த 36 தவணைகளின் மதிப்பு சுமார் 9,85,700. 13 சதவீதம் என்றால் 9,71,600. ஒரு சதவீத வித்தியாசத்துக்குப் பத்து லட்சத்தில் 14,000 ரூபாய். ஆயிரம் கோடி கடன் இப்படியே இருந்தால் 14 கோடி.

அதனால்தான் இந்த ஒப்பீட்டில் மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். எந்த வட்டியில் டிஸ்கவுண்ட் செய்கிறோம், அதை எங்கிருந்து எடுத்தோம் என்பதுதான் விஷயம். நிறுவனம் தான் பணம் திரட்டும் வட்டியை இங்கே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. கடன் வாங்கியவரின் ஆபத்து அதில் இல்லை, மதிப்பு ஊதிப்போகும். அறிவிப்புப் பலகை வட்டியும் சரிவராது. பலகையில் 13 என்று இருக்கும், நல்ல வாடிக்கையாளருக்குக் கிளை மேலாளர் அரை சதவீதம் குறைத்திருப்பார். நாங்கள் எடுப்பது கடைசி மூன்று மாதங்களில் உண்மையாகப் பட்டுவாடா ஆன கடன்களின் சராசரி வட்டி. புது வண்டி, பழைய வண்டி, டிராக்டர் என்று பிரித்து, தவணைக் காலம் வாரியாகவும் பிரித்து, தொகைக்குத் தக்க எடை கொடுத்துக் கணக்கிடுகிறோம்.

முதல் ஆண்டில் இதில் ஒரு பிழை நேர்ந்தது. வாராக்கடன் தவணைகளில் எதிர்பார்க்கும் இழப்பை ஏற்கெனவே கழித்துவிட்டோம். அப்புறம் ஆபத்து அதிகம் என்று அதே கடனுக்கு டிஸ்கவுண்ட் வட்டியையும் ஏற்றினோம். ஒரே இழப்பை இரண்டு தடவை கழித்திருக்கிறோம் என்று எங்கள் மூத்தவர் எக்செல்லின் அந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார். இழப்பைத் தவணையில் கழி, இல்லையென்றால் வட்டியில் ஏற்று, இரண்டையும் செய்யாதே என்றார். விதியும் (இண்ட் ஏஎஸ் 113) அதையேதான் சொல்கிறது.

கடன்பட்ட பக்கத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பிக்சட் டெபாசிட்டை இன்றைய டெபாசிட் வட்டியில் டிஸ்கவுண்ட் செய்யலாம். கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய சேமிப்புக் கணக்கை அப்படிக் குறைக்க விதி இடம் தராது. கேட்டால் கொடுக்க வேண்டிய முழுத் தொகைக்குக் கீழே அதன் நியாய மதிப்பு போகக் கூடாது. வட்டி ஏறும்போது சொத்தின் மதிப்பு சரியும், அந்த டெபாசிட் அப்படியே நிற்கும்.

அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் நடந்தது இதுதான். 2022 கடைசியில் முதிர்வு வரை வைத்திருக்கும் பத்திரங்கள் ஏட்டில் சுமார் 91 பில்லியன் டாலர், நியாய மதிப்பில் சுமார் 76 பில்லியன். இடைவெளி 15 பில்லியன், வங்கியின் மூலதனமோ 16 பில்லியன் அளவுதான். இரண்டு எண்களும் அச்சாகி எல்லோர் கண் முன்னும் இருந்தன. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுத்துக்கொள்ள டெபாசிட்தாரர்கள் வரிசை கட்டினார்கள், மறுநாள் வங்கி மூடப்பட்டது. எங்கள் தவணைக் கடனில் அசல் மாதாமாதம் திரும்பி வருவதால் அடி சிறியது. அவர்களுடையது நீண்ட காலப் பத்திரங்கள்.

நான் இரண்டாவது வழியின் பக்கம். ஆனால் என் அனுபவம் ஐந்து ஆண்டுக்குள் முடியும் கடன்களோடு நின்றுவிடுகிறது. 20 ஆண்டு வீட்டுக்கடனில் பாதியில் அடைத்துவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்ற அனுமானம் வட்டியைவிடப் பெரிய வித்தியாசம் காட்டக்கூடும். அதை நான் செய்து பார்த்ததில்லை. எங்களிடமே பட்டுவாடா நிறுத்திவிட்ட கடன் வகை ஒன்று இருக்கிறது, அதற்கு இன்றைய வட்டி என்று ஒன்றே இல்லை. பக்கத்து வகையின் வட்டியோடு, இரண்டுக்கும் நடுவே முன்பு இருந்த வட்டி இடைவெளியைக் கூட்டிப் போடுகிறோம், அப்படிப் போட்டதையும் குறிப்பில் எழுதிவைக்கிறோம்.

இந்த வழிக்கு மாற நினைப்பவர்கள் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு காலாண்டும் பட்டுவாடா வட்டிப் பட்டியலைத் தேதி போட்டுத் தனியாகச் சேமித்துவையுங்கள். ஓராண்டு கழித்து ஆடிட்டர் இந்த 12.4 சதவீத வட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது, கணினியில் இருப்பது மாறிப்போயிருக்கும்.