கண்ணாடி ஜக்கு பிளெண்டர்: வீட்டில ஸ்மூத்தி அடிக்க வாங்கலாமோ?

500 வட்ஸ் மோட்டர், ஒண்டரை லீற்றர் கண்ணாடி ஜக்கு, ரெண்டு ஸ்பீட், பக்கத்தில ஒரு பல்ஸ், அமத்திப் பிடிக்கிற நேரம் மட்டும் ஓடுற சுவிச். கிளிநொச்சி டவுனில வாங்கினது, வருசம் ஒண்டுக்கு மேல வீட்டில ஓடிக்கொண்டிருக்கு. கம்பனிப் பேர் சொல்லேல்ல, ஏனெண்டா இதே சாமானுக்கு வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி வேற வேற விலைக்குத்தான் விக்கிறாங்கள், பேரைப் பாக்கிறதை விட அடிப்பக்கத்தைப் பிரட்டிப் பாக்கிறதுதான் புத்தி, அதைப் பிறகு சொல்லுறன்.

முதல்ல ருசிக் கதை. பழத்துக்கு இது தங்கமான மிசின். நல்லாக் கனிஞ்சு தோல் கறுக்கத் தொடங்கின வாழைப்பழத்தை உரிச்சு வட்டம் வட்டமா வெட்டி ஃபிரீசருக்குள்ள போட்டு வைச்சிடுவன், அடுத்த நாள் அதோட ரெண்டு கரண்டி எருமைத் தயிர், கொஞ்சம் பனங்கட்டி போட்டு அடிச்சா ஐஸ்கிறீம் மாதிரித் திக்கா வரும், ஐஸ்கட்டி தேவையில்ல, ஐஸ்கட்டி போட்டா கடைசியில தண்ணிதான் மிஞ்சும். மாம்பழச் சீசனில கறுத்தக்கொழும்பான் இருந்தா பனங்கட்டியும் போடாதேங்கோ, பாவம் அந்தப் பழம்.

பப்பாப்பழம், அன்னாசி ரெண்டையும் பாலோட அடிச்சா உடன குடிக்கோணும். அடிச்சு வைச்சிட்டுக் குளிச்சிட்டு வந்து குடிச்சா ஒரு கைப்பு வரும், பால் பழுதெண்டு பால்காரனோட சண்டைக்குப் போகவேண்டாம், அந்தப் பழங்களில இருக்கிற நொதியம் பாலில இருக்கிற புரதத்தை உடைக்கிறதாலதான் அப்பிடிக் கைக்கிறது. பப்பாப்பழத்துக்குப் பாலை விட்டிட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கோ, அதுதான் சோடி.

விளாம்பழத்துக்குத்தான் கொஞ்சம் பக்குவம் வேணும். சதையைத் தேங்காய்ப்பாலில ஊற வைச்சு, பல்ஸில மட்டும் விட்டு விட்டு ரெண்டு மூண்டு தட்டு, பிறகு வடி. ஸ்பீடில போட்டீங்களெண்டா விதை உடைஞ்சு வாயெல்லாம் மண் மாதிரி நறநற எண்டும். பாலைப்பழத்தை இதுக்குள்ள போடுறதை நினைச்சும் பாக்காதேங்கோ. அதைச் சாப்பிட்டா உதடு எப்பிடி ஒட்டும் எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்தப் பழத்தின்ர ஒட்டுப்பால் பிளேட்டில பிடிச்சா தேங்காயெண்ணெய் பூசி ஒவ்வொரு பல்லாத் துடைச்சாத்தான் போகும், அதுக்குள்ள கையும் வெட்டும். பாலைப்பழம் மரத்தடியில வைச்சுத் தின்னுற சாமான்.

இனி மரக்கறி. இஞ்சதான் மார்க்ஸ் குறையுது. கெக்கரிக்காய், இஞ்சித் துண்டு, தேசிக்காய், ஒரு கிள்ளு உப்பு, இது சுப்பர், சித்திரை வெயிலுக்கு இதை விட ஒண்டும் இல்லை. வல்லாரை, முருங்கையிலை போடுறதெண்டா முதல்ல இலையையும் அரை டம்ளர் தண்ணியையும் மட்டும் போட்டு நல்லா அடிச்சிட்டுப் பிறகுதான் பழம் போடோணும், எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டினா இலை ஜக்குச் சுவரில ஒட்டிக்கொண்டு நிக்கும், நீங்கள் கரண்டியால தட்டித் தட்டி நிக்கவேண்டியதுதான். பச்சைக் கரட்டும் பீற்றூட்டும் இந்த 500 வட்ஸுக்குச் சரிவராது, எவ்வளவு நேரம் ஓடினாலும் பல்லில அகப்படுற துண்டு துண்டாத்தான் நிக்கும், மோட்டர்தான் சூடாகும். அவிச்சு ஆறவிட்டுப் போட்டா மெழுகு மாதிரி அரைபடும். கரட்டுக்குக் கொஞ்சம் தேங்காய்ப்பால் சேருங்கோ, கொழுப்பு இருந்தாத்தான் அதில இருக்கிற விற்றமின் ஏ சத்தை உடம்பு வடிவா இழுக்கும். ஆறவிடாமல் சூட்டோட மட்டும் ஊத்திப் போடாதேங்கோ, கண்ணாடி வெடிக்கலாம்.

சத்தம்? இருக்கு. விடியக் காத்தால போட்டா குழந்தையும் எழும்பும், பக்கத்து வீட்டு நாயும் எழும்பும்.

கழுவுறது சுகம். ஆனா எங்கட கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி, கழுவிக் காயவைக்கக் கண்ணாடியில வெள்ளையாப் படியும், கொஞ்ச நாளில ஜக்கே பனி மூடின மாதிரி ஆகிடும். பிழிஞ்ச தேசிக்காய்க் கோதால உள்ளுக்குத் தேய்ச்சு ஊறவிட்டா போயிடும். பிளேட்டுக்குக் கீழ இருக்கிற றப்பர் வளையத்தைக் கழட்டிக் கழுவுங்கோ, ஜக்கு மணக்குது எண்டு சொல்லுற ஆக்கள் முக்கால்வாசிப் பேர் அதைக் கழட்டினதே இல்லை.

இப்ப அடிப்பக்கம். ஜக்கு வந்து இருக்கிற இடத்தில கறுப்பா ஒரு பல்லுச் சக்கரம் இருக்கும், கப்ளிங் எண்டு சொல்லுவினம். என்ர மிசினில அது தேய்ஞ்சு மோட்டர் சுத்த பிளேட் சும்மா நிக்கத் தொடங்கிட்டுது. வாங்கின கடையில போய்க் கேட்டா ஸ்பெயார் இல்லையாம், வாரன்டி மோட்டருக்கு மட்டும்தானாம், புதுசா ஒண்டு எடுங்கோ அக்கா எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுறார். கோபம் வந்ததுதான். பிறகு ஃபான் திருத்துற தம்பி ஒராள் வேற ஒரு பிளெண்டரின்ர கப்ளிங்கைக் கொண்டந்து போட்டுத் தந்தார், சில்லறைக் காசு. இண்டைக்கும் அதிலதான் ஓடுது.

சார்ஜ் பண்ணுற சின்னப் போத்தல் பிளெண்டர் நல்லமோ எண்டு கேக்கிறீங்கள். 2022 இல நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில தங்கச்சி ஒண்டு வாங்கினவா, கனிஞ்ச வாழைப்பழத்துக்கும் பால்மாவுக்கும் சரி, உறைஞ்ச பழத்தைப் போட்டா பிளேட் திக்கித் திக்கி நிக்கும். குழந்தைக்கு மட்டும் எண்டா வாங்கலாம், குடும்பத்துக்குக் காணாது.

ஒரு விசயம், ஸ்மூத்தி எண்டா எவ்வளவும் குடிக்கலாம் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு. வடிக்காமல் குடிச்சா நார்ச்சத்து நிக்கும், அது உண்மை, ஆனா சீனியும் நிக்கும். லண்டனில இருக்கிற மச்சாள் சொன்னா, அங்கத்தைய சுகாதார சேவை ஜூசும் ஸ்மூத்தியும் எல்லாம் சேர்த்து நாளுக்கு 150 மில்லிலீற்றர் காணும் எண்டுதான் சொல்லுறதாம், அது எங்கட தேத்தண்ணிக் கிளாஸ் அளவுதான். சலரோகக்காரர் பனங்கட்டியை விடுங்கோ. வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தத்தோட இருக்கிற ஆக்கள் கனபேர், அவைக்கு வாழைப்பழத்தில இருக்கிற பொற்றாசியம் ஒத்துவராமல் போகலாம், கிளினிக்கில கேட்டிட்டுக் குடியுங்கோ.

10 க்கு 7 குடுப்பன். வாங்கப் போனா ஜக்கைக் கழட்டிக் கப்ளிங்கைக் கையால சுத்திப் பாருங்கோ, தனியா விக்கிறீங்களோ எண்டு காசு குடுக்க முதல் கேளுங்கோ, ஒரு நிமிசத்துக்கு மேல தொடர்ந்து ஓட விடாதேங்கோ. கரட் பீற்றூட்டைப் பச்சையா அடிக்கத்தான் வேணும் எண்டு நிக்கிற ஆள் எண்டா 1000 வட்ஸுக்குக் குறைய ஒண்டும் எடுக்காதேங்கோ, விலை டபிளாகும்.