கோபால்ட் நீலம்: உலையில் வேகவைப்பதா, கரைசலை எரிப்பதா?

ஆடி மாதத்து ஊட்டியில் கோபால்ட் நைட்ரேட் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. திரும்பி வருவதற்குள் செந்நிறப் படிகங்கள் ஈரம் கோத்து ஸ்பேட்டுலாவில் அப்பிக்கொள்ளும். கோபால்ட் நீலம், அதாவது கோபால்ட் அலுமினேட், செய்ய எந்த வழி நல்லது என்று எம்.எஸ்சி. பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டில்தான் ஞாபகம் வரும்.

ஒரு கோபால்ட், இரண்டு அலுமினியம், நான்கு ஆக்சிஜன் சேர்ந்த, ஸ்பினல் என்ற படிக அமைப்புள்ள ஆக்சைடு இது. 1802-ல் பிரெஞ்சு வேதியியலர் தெனார் உருவாக்கிய அதே ஓவிய நீலம்.

பழைய வழி: கறுப்புக் கோபால்ட் ஆக்சைடு 2.27 கிராம், அலுமினா 2.88 கிராம். அகேட் கல் உரலில் கை வலிக்க அரைத்து 1200 டிகிரியில் வைத்தால் 5 கிராம் நீலம். மீதி 0.15 கிராம் ஆக்சிஜனாகப் பறந்துவிடும். திண்மத்துக்குள் அயனிகள் ஊர்ந்து போய்த்தான் சேர வேண்டும் என்பதால் நடுவில் எடுத்து மறுபடி அரைக்க வேண்டியிருக்கும். மழையில் மரம் விழுந்து கரண்ட் போனாலும் பாதகமில்லை. வந்ததும் உலையை மறுபடி ஏற்றலாம். இந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கும்.

எரிப்பு வழி 1988-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிங்ஸ்லியும் பாட்டீலும் காட்டியது. அதே 5 கிராமுக்குக் கோபால்ட் நைட்ரேட் 8.23, அலுமினியம் நைட்ரேட் 21.2, எரிபொருளாக யூரியா 11.3 கிராம். தண்ணீரில் கரைத்து, அகலமான கிண்ணத்தில் 500 டிகிரி மஃபில் உலைக்குள் தள்ளினால் கொதித்து, நுரைத்து, திடீரென்று பற்றிக்கொள்ளும். சுடரின் சூடு உலையின் சூட்டைவிட மிக அதிகம். சில நிமிடங்களில் கிண்ணம் நிறையப் பொரி மாதிரி தூள். பழுப்புப் புகை வரும், புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட் கட்டாயம்.

போன மழைக்காலத்தில் ஈரம் கோத்த நைட்ரேட்டை அப்படியே எடை போட்டோம். தராசு காட்டிய 21.2-ல் ஒரு பங்கு வெறும் தண்ணீர். உலோகம் குறைந்தது, யூரியா மிஞ்சியது, தீ எழாமல் புகைந்தே அடங்கியது.

“சார், நீலம்னு சொன்னீங்க, பாசி மாதிரில்ல இருக்கு?” என்றாள் ஒரு மாணவி.

நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகி இடத்தில் அமரும் ஈரிணைதிறக் கோபால்ட் (Co²⁺) 540 முதல் 630 நானோமீட்டர் வரை ஒளியை விழுங்குவதால்தான் நீலம். சூடு போதாமல் மூவிணைதிறக் கோபால்ட் (Co³⁺) தங்கிவிட்டால் கரும்பச்சை. அந்தத் தூளை 1100 டிகிரியில் போட்டதும் நீலம் வந்தது, பச்சைச் சாயல் கொஞ்சம் ஒட்டியபடியே. “அப்போ மொதல்லயே உலையில வச்சிருக்கலாமே சார்” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

குன்னூரில் மண்பாண்டத்துக்கு மெருகு பூசுபவர் கேட்டால் யோசிக்காமல் உலை வழியைத்தான் சொல்வேன். தூளின் மணிகள் பெரிது, குண்டுகள் உருளும் பால் மில்லில் அரைக்க வேண்டும், மாஸ்க் இல்லாமல் தொடக் கூடாது. ஆனால் நிறம் அழுத்தம். வினையூக்கி ஆய்வுக்கு நுண்தூளும் அதிகப் பரப்பும் வேண்டும், அங்கே எரிப்பு வழியை மிஞ்ச உலையால் ஆகாது. ஆனால் ஒரே வீச்சில் அதிக அளவு செய்ய ஆசைப்பட்டால் நுரை உலைச் சுவரில்தான் ஒட்டும்.

ஈரத்துக்கு இப்போது ஒரு வழி செய்திருக்கிறோம். நைட்ரேட்டுகளை எடை போடுவதே இல்லை. தனித்தனிக் கரைசலாக்கி, உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று ஈ.டி.டி.ஏ. என்ற வினைப்பொருளால் தரம்பார்த்து, பிப்பெட்டில் அளந்து எடுக்கிறோம்.